கொப்பரையில் விட்ட கை

தாட்சாயணியின் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் நிமிராது. உள்ளங்கைப் பக்கமாக மடங்கி, தோல் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். கேட்டவர்களிடம் "வாதம்" என்பாள். ஊரும் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? புளியங்குண்டத்தில் யாருடைய கை வேண்டுமானாலும் வேகலாம், தாட்சாயணி கை வேகாது. அது ஊரறிந்த விஷயம்.

நகரிக்கும் பள்ளிப்பட்டுக்கும் நடுவில் கிடக்கிற சின்ன ஊர் அது. வீட்டுக்கு ஒரு தறி, ஊருக்கு ஒரு கங்கையம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு கொப்பரை. கொப்பரை என்றால் கல்யாண வீட்டு அண்டா மாதிரி நினைத்துவிடாதீர்கள். வெண்கலம். நாலு ஆள் சேர்ந்தால்தான் அசையும். சந்திரகிரிக் கோட்டையில் சிப்பாய்களுக்குச் சோறு பொங்கியது என்றும், ஒரு பெருவெள்ளத்தில் அம்மனை ஏற்றிக்கொண்டு மிதந்து வந்தது என்றும், அது தரை தட்டின இடம்தான் ஊர் எல்லை என்றும் சொல்வார்கள். சந்திரகிரி ஆறு எங்கே, நம்ம ஆறு எங்கே என்று கேட்ட ஒருவன் அடி வாங்கியிருக்கிறான்.

ஆடியில் காப்பு கட்டினால் எட்டு நாள். கையில் மஞ்சள் கயிறு ஏறியவர்கள் எல்லை தாண்டக் கூடாது, சாவு வீடும் பிரசவ வீடும் மிதிக்கக் கூடாது. எட்டாம் நாள் கொப்பரை நிறையக் கடலை எண்ணெய் கொதிக்கும். கைக்கு மஞ்சளை அரைத்துப் பூசிக்கொண்டு, ஒருத்தி வெறுங்கையை விட்டு மூன்று வடை எடுக்க வேண்டும். மாமியார் கிருஷ்ணம்மா எடுத்தாள். அவளுக்குப் பிறகு தாட்சாயணி எடுத்தாள், பதினொரு வருஷம். சூடே தெரியாது என்பாள். பொய் இல்லை, அவளுக்குத் தெரியவே தெரியாது.

மற்ற முன்னூற்றைம்பத்தேழு நாளும் அவளை யாரும் கண்டுகொண்டதில்லை. ராட்டையில் நூல் சுற்றுவாள், புருஷன் கன்னையா தறியில் உட்கார்ந்து லுங்கி நெய்வான். ஒரே பெண் வள்ளி. ஆற்றுக்கு அந்தாண்டை, மூணு மைலில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து மூன்றாவது வருஷம், ஆடி. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மதராஸுக்கு என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். கீழே இவர்களுக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் எதில் படிக்கும், பட்டா எந்த எழுத்தில் வரும் என்று ஆளாளுக்கு ஒரு கவலை. தெலுங்கு பேசத் தெரியாதவர்கள் யாரும் இல்லை, சந்தையில் பாதிப் பேச்சு அதுதான். ஆனால் பேசுவது வேறு, மனு எழுதுவது வேறு. ஊர்ப் பெரியவர் முனிரத்தினம் காப்பு கட்டும்போது உரக்கச் சொல்லிவிட்டார்:

"இந்தத் தபா அம்மாவையே கேட்டுடுவோம். தாட்சாயணி கை வேகாம வந்தா நாம தமிழ்ப் பக்கம். வெந்தா ஆந்திரா. அவ்ளோதான்."

தாட்சாயணியை ஒரு வார்த்தை கேட்டாரா? அவர் எதற்குக் கேட்கப் போகிறார்!

ஆறாம் நாள் ஆற்றுக்கு அந்தாண்டையிலிருந்து ஓர் ஆள் வந்தான். வள்ளிக்கு ஆண் குழந்தை, எட்டு மாசத்திலேயே பிறந்துவிட்டது. தாய்க்கு ஜன்னி, பிழைப்பது சந்தேகம். சொல்லிவிட்டு ஆள் போய்விட்டான். தாட்சாயணி மணிக்கட்டுக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கன்னையா தறியை நிறுத்தினான். "நான் வேணா போய் வரட்டுமா?"

"நீ போய் இன்னா பண்ணுவ? அவ எம்மான்னுதான கூப்டுவா."

"அப்ப நீயே போ. ஊரே பந்தல்ல கீது. யாருனா கேட்டா, விரதத்துல படுத்துங்கீறான்னு சொல்லிக்கிறேன்."

உச்சி வெயிலில் கரும்புத் தோட்டம் வழியாகப் புகுந்து ஓடினாள். எல்லைக் கல் வந்தது. "தாயே, என் பொண்ணுக்காவ" என்று ஒரு தரம் கும்பிட்டாள், தாண்டினாள்.

வள்ளி கண் திறக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. நெற்றி நெருப்பாகக் கொதித்தது. பக்கத்தில் முறத்தில் பழந்துணி விரித்து அந்தப் பிள்ளை. சம்பந்தி கங்கம்மாள் அதை எடுத்து இவள் கையில் கொடுத்தாள். தீட்டாவது ஒன்றாவது, வாங்கிக்கொண்டாள். ஒரு கைக்குள் அடங்கிவிட்டது. ஒரு நாழிகை வைத்திருந்தாள். புறப்படும்போது கங்கம்மாளிடம் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கினாள்: "நான் வந்தது யாருக்கும் தெரியக் கூடாது சம்பந்தி. வள்ளிக்கும் கூட. அவ வாயில எதுவும் நிக்காது."

மறுநாள் குழந்தை போய்விட்டது. சேதி வந்தது. காப்பு கட்டினவள் அழக் கூடாது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

எட்டாம் நாள். பாலையா வழக்கம்போல அடுப்பு மூட்டினான். கொப்பரைக்கு விறகு தள்ளுவது அவன் வீட்டு உரிமை. எண்ணெய் புகைந்தது. தாட்சாயணி கையை விட்டாள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாகச் சுட்டது. ஐயோ, என்ன சூடு! கை முழுக்க உயிர் போகிற வலி. முதல் வடை. கத்தினால் ஊர் போச்சு. இரண்டாவது வடை. பிள்ளையைத் தூக்கின கை, அம்மா விடுவாளா? மூன்றாவது வடை. கையை உயரத் தூக்கிக் காட்டினாள். மஞ்சள் அப்பிய கையில் என்ன தெரியும்? முனிரத்தினம் "வேகல! வேகல!" என்று கூத்தாடினார். பெண்கள் குலவை போட்டார்கள். பறைச் சத்தத்தில் அவள் முனகல் யாருக்கும் கேட்கவில்லை. கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். கன்னையா கதவைச் சாத்தி, கையைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

மறு வருஷம் வாதம் என்று ஒதுங்கிக்கொண்டாள். வடை எடுக்க சுலோசனா என்று வேறொருத்தி வந்தாள்.

வள்ளி பிழைத்தாள். தீபாவளிக்கு வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

"நான் சாவக் கெடந்தேன். எம்புள்ள செத்துப் போச்சு. நீ மஞ்சக் கயிறு கட்டிக்கினு வடை எடுத்துக்கினு இருந்த. நல்லா இரு."

தாட்சாயணிக்கு வாய்வரை வந்தது. சொன்னால் ஊருக்குத் தெரியும். விழுங்கினாள். அதற்குப் பிறகு வள்ளிக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. நைனா கன்னையா செத்தபோது மட்டும் வந்தாள், அம்மாவோடு பேசாமல் போனாள். சத்தியத்தைக் காப்பாற்றியபடியே கங்கம்மாளும் கண்ணை மூடிவிட்டாள்.

அறுபதாம் வருஷம், ஏப்ரல். கோடு போட்டார்கள். ஆற்றுக்கு அந்தாண்டை மதராஸ், இந்தாண்டை ஆந்திரா. வள்ளி அங்கே, தாட்சாயணி இங்கே. அது காகிதத்தில், கணக்கெடுத்து, பெரிய மனிதர்கள் பேசி முடித்த கோடு. ஆனால் தாட்சாயணிக்கு அப்படியா தெரியும்? "நான் தாண்டின எடத்துலயே அம்மா கோடு போட்டுட்டா" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? கை வேகவில்லை, ஊர் மட்டும் எப்படிப் போனது? எங்கேயோ சுத்தக் குறைச்சல். தேடித் தேடிக் கடைசியில் பாலையாவைப் பிடித்தார்கள். அன்றைக்கு அவன் மேல் சாராய வாடை அடித்தது என்று ஒருவன் சொன்னான், இன்னொருவன் ஆமாம் என்றான். பாலையா கொப்பரையைத் தொடக் கூடாது, அவன் வீட்டுக்குத் தண்ணியும் நெருப்பும் கிடையாது என்று முனிரத்தினம் தீர்ப்புச் சொன்னார்.

பாலையா தாட்சாயணி வாசலுக்கு வந்து மண்ணில் உட்கார்ந்தான். "தங்கச்சி, பதினொரு வருஷம் உன் கைக்குத் தீ மூட்னவன் நானு. ஒரு நாளு குடிச்சிட்டு வந்திருப்பனா? நீயாவது சொல்லும்மா."

அவளால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்தாள், நேராகக் கோயிலுக்குப் போனாள். கவிழ்த்து வைத்திருந்த கொப்பரை மேல் கையை வைத்தாள். அங்கே உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் முன்னால் எல்லாம் சொன்னாள். எல்லை தாண்டினது, பிள்ளையைத் தூக்கினது, கை வெந்தது, மறைத்தது. மடங்கின கையை நீட்டிக் காட்டினாள்.

முனிரத்தினம் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். பிறகு, "பாவி, ஒத்தப் பொண்ணுக்கு ஊரையே வித்துட்டியே" என்றார். பாலையா வீட்டுக்குத் தண்ணீர் திறந்தது, இவளுக்கு அடைபட்டது. சுலோசனா கூட எதிரில் வந்தால் வேறு பக்கம் போனாள்.

பத்து நாள் கழித்து, பொழுது சாயும் நேரம். தாட்சாயணி அடுப்பு மூட்டாமல் ராட்டை முன்னால் உட்கார்ந்திருந்தாள். வள்ளி உள்ளே வந்தாள். ஆற்றைக் கடந்து நடந்தே வந்திருக்கிறாள், புடவை ஓரமெல்லாம் ஈரம்.

"ஊர்ல பேசிக்கிறாங்கோ. நெஜமா எம்மா? நீ வந்தியா?"

"வந்தேன்."

வள்ளி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். திட்டப் போகிறாள், ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போகிறாள் என்று தாட்சாயணி காத்திருந்தாள். வள்ளி கேட்டது அதை இல்லை.

"எனக்கு நெனவு வரதுக்குள்ள பொதைச்சிட்டாங்கோ எம்மா. எப்டி இருந்தான்னு கேட்டா, கேக்காதடின்னு அத்தை வாயைப் பொத்துவாங்கோ. அவங்களும் போய்ட்டாங்கோ." அம்மா பக்கம் நகர்ந்தாள். "நீ அவன் மொகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன்டி."

"யாரு மாதிரி இருந்தான்?"

"உங்க நைனா மாதிரி. காது அதே காது. தலை நெறைய முடி. கண்ண ஒரு தபா தெறந்து என்னைப் பார்த்தான்." தாட்சாயணி மடங்கிய கையை மகள் முன்னால் நீட்டினாள். "இதுலதான் இருந்தான். ஒரு நாழி இதுலதான் இருந்தான்."

வள்ளி அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.