மெரூன் ஸ்வெட்டரின் இரண்டாவது கை

போன செவ்வாய்க்கிழமை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் எட்டயபுரம் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் என்னையே உற்று உற்றுப் பார்த்தார். பிறகு கிட்டே வந்தார்.

"அக்கா, வாராவாரம் பத்திரிகையில எழுதுத அக்கா நீங்கதான?"

"ஆமாம்மா."

"மகளுக்கு ஸ்வெட்டர் பின்னுதேன்னு ஐப்பசி மாசம் எழுதுனீங்களே... முடிஞ்சுதா?"

அதற்குள் பஸ் வந்துவிட்டது. "அது பெரிய கதைம்மா, எழுதுதேன்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன். நழுவுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். இல்லை. உண்மையிலேயே பெரிய கதைதான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எனக்கு உல்லன் பின்னுவதில் பைத்தியம். அதுவும் எங்கே? கோவில்பட்டியில்! இந்த ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால், "என்ன, காய்ச்சலா?" என்று விசாரிப்பார்கள். சுற்றிலும் கரிசல் காடு, பருத்தி. என் கணவருக்கோ பஞ்சாலையில் வேலை. ஊரே பருத்தியில் பிழைக்கிறது. நான் மட்டும் கம்பளி நூலோடு உட்கார்ந்திருக்கிறேன். போர்டிங் பள்ளியில் கைத்தொழில் டீச்சர் சொல்லிக்கொடுத்தது. ஒரு கண்ணி நேராக, ஒரு கண்ணி திருப்பி: நிட், பர்ல், நிட், பர்ல்... அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை.

பின்னுவதில் தப்பில்லை. முடிப்பதில்தான் கோளாறு.

எங்கள் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதற்குள் நாத்தனார் குழந்தைக்காகத் தொடங்கிய குல்லா — குழந்தை இப்போது மூன்றாம் வகுப்பு. போதகர் அம்மாவுக்கு ஒரு சால்வை — போதகர் மாற்றலாகிப் போய், அடுத்தவரும் போய், இப்போது மூன்றாமவர் வந்திருக்கிறார். ஒற்றைக் கால் உறை. என் கணவருக்குக் கை இல்லாத ஸ்வெட்டர். முன்பக்கம் முழுசு, பின்பக்கம் பாதி, நாலு வருஷமாக. போதாததற்கு ஒரு நோட்டு. இனிமேல் என்னென்ன பின்னப்போகிறேன் என்று படம் வெட்டி ஒட்டிவைத்திருக்கிற நோட்டு. அது நிரம்பி, இரண்டாவது நோட்டும் வாங்கியாகிவிட்டது!

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் தீபாவளி கழிந்து ஒரு கடிதம் வந்தது.

என் மகள் சுகந்திக்கு டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டிசம்பர் முதல் வாரம் சேர வேண்டும். கையில் இருந்தது இருபத்தைந்து நாள்.

அதுவரைக்கும் அவள் போன அதிக தூரம் திருநெல்வேலி. அங்கேதான் நர்ஸிங் படித்தாள். சனிக்கிழமை பஸ் ஏறினால் சாப்பாட்டு நேரத்துக்கு வீட்டில் இருப்பாள். டெல்லி அப்படியா? மெட்ராஸ் போய், அங்கிருந்து இரண்டு நாள் ரயில். பாஷை தெரியாது. குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகிற குளிர் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள்.

மறுநாளே கடைக்குப் போனேன். மெரூன் நிறத்தில் எட்டு உருண்டை இருந்தது. கடைக்கார அண்ணாச்சி எடுத்துப் போட்டார்.

"இந்தக் கலர்ல இம்புட்டுத்தான் இருக்கு. ஊர்ல கம்பளி நூலு கேக்குத ஆளு நீங்க ஒருத்தர்தான்க்கா. யாருக்கு?"

சொன்னேன்.

"பொம்பளப்பிள்ளைய அம்புட்டுத் தூரம் தனியாவா அனுப்புதீங்க? இங்கன ஒரு மாப்பிள்ளையப் பாத்து முடிச்சா ஆகாதா?"

"தனியா எங்க அனுப்புதேன் அண்ணாச்சி? ஸ்வெட்டரோடதான அனுப்புதேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். தெருவுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. வீடு வரைக்கும் அவர் கேட்டதே காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

வீட்டில் நூலைப் பார்த்ததும் சுகந்தியின் முகம் மாறியது.

"யம்மா, கோவிச்சுக்கிடாதீங்க. வேண்டாம். அங்கன போய் ஒண்ணு வாங்கிக்கிடுதேன்."

"ஏட்டி, நான் பின்னித் தாரேன்."

"நீங்க தொடங்குவீங்கம்மா. முடிக்க மாட்டீங்க."

குத்திக்காட்டவில்லை. நோயாளிக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். அதுதான் சுருக்கென்றது. சொந்த மகளே நம்பாத அளவுக்கா ஆகிவிட்டோம்? இந்த ஒன்றை முடித்தே தீருவது என்று அன்றைக்கே வைராக்கியம் வைத்தேன்.

வேகமாகத்தான் போனேன், நம்புங்கள். பின்பக்கம் ஆறு நாள். முன்பக்கம் இரண்டு துண்டும் ஏழு நாள். ஒரு கை இரண்டே நாள். சோறு குழைந்தது, கவலைப்படவில்லை.

பதினாறாம் நாள்... உங்களிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பதினாறாம் நாள் நான் ஒரு குல்லா தொடங்கினேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே காதுவலி வரும். குளிர் காற்றுக் காதில் பட்டால் என்ன ஆவது? அதே நூலில் ஒரு குல்லாவும் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! ஸ்வெட்டர்தான் முடியப்போகிறதே! மூன்று விரல் உயரம் பின்னினேன். பிறகு நிமிர்ந்து பார்த்தால், மிச்சம் இருப்பது எலுமிச்சம்பழம் அளவுக்கு நூல். இரண்டாவது கை தொடங்கவே இல்லை. குல்லாவைப் பிரித்தாலும் கையில் கால்வாசிக்குத்தான் காணும்.

அண்ணாச்சி கையை விரித்தார். பஸ் பிடித்துத் திருநெல்வேலி போனேன். அங்கே மெரூன் என்று எடுத்துப் போட்டதெல்லாம் மெரூனாக இல்லை. திரும்பி வந்து, தகரப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். நன்றாக அழுதேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

என் கணவர் பகல் ஷிப்டு முடிந்து வந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். "எந்திரி" என்றார். எழுந்தேன். பெட்டியைத் திறந்து, தனக்காகப் பின்னிய அந்தக் கை இல்லாத ஸ்வெட்டரை வெளியே எடுத்தார். அதுவும் கிட்டத்தட்ட அதே நிறம்தான். கொஞ்சம் செங்கல் சாயல்.

"இதப் பிரி."

"உங்களுக்குன்னு பின்னுனதுங்க."

"நாலு வருசமாப் போடாமதான இருந்தேன்? இன்னும் நாலு வருசம் போடாம இருக்கதுக்கு என்ன?"

பிரித்தோம். பிரித்த நூல் எண்ணெய் காணாத தலைமுடி மாதிரி சுருண்டு சுருண்டு நின்றது. அதை அப்படியே பின்னினால் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதற்கும் அவரே வழி சொன்னார்.

"மில்லுல நூலுக்கு ஆவி காட்டுவோம். இட்லிக் கொப்பரைய அடுப்புல வையி."

நாற்காலி முதுகில் சுற்றிச் சுற்றிப் பெரிய வளையமாக, மில் பாஷையில் சிட்டமாக்கி, ஆவியில் காட்டி, கொடியில் போட்டு, கீழே ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டார். மறுநாள் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் நூல் புதிதுபோல நேராக நின்றது. அதை இரண்டு கையிலும் மாட்டிக்கொண்டு அவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் உருண்டையாகச் சுற்றினேன்.

"பயமா இருக்கா?" என்றார்.

"உங்களுக்கு?" என்றேன்.

நூல் நழுவாமல் கைகளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அவள் புறப்பட்ட அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. ரயில் நிலையத்துக்குப் போவதற்குள் எல்லோருடைய செருப்பிலும் கரிசல் மண் அப்பிக்கொண்டு இரண்டு மடங்கு கனம். பிளாட்பாரத்தில் உட்கார்ந்தும் பின்னிக்கொண்டிருந்தேன். மணிக்கட்டிலிருந்து தொடங்கி, முழங்கை வரைக்கும் வந்திருந்தேன். ரயில் வந்துவிட்டது.

"யம்மா, குடுங்க."

"ஏட்டி, இன்னும் பாதி கெடக்கு."

"இருக்கட்டும். ரெண்டு நாளு ரயில்ல எனக்கு வேற என்ன சோலி? நான் பின்னிக்கிடுதேன்."

"ஒனக்குப் பின்னத் தெரியாதே!"

"ஒங்களப் பாத்துக்கிட்டேதான வளந்தேன்."

கண்ணிகள் கழன்றுவிடாமல் ஊசி முனைகளில் ரப்பரைச் செருகி, அப்படியே அவள் கையில் கொடுத்தேன். மெட்ராஸ் வரைக்கும் துணைக்கு அவளுடைய அப்பா ஏறினார். ரயில் போய்விட்டது. "முடிக்க மாட்டீங்க" என்றாள், முடிக்கவில்லை. மகள் சொன்ன சொல் பலித்துவிட்டது. இதைவிட ஒரு தாய்க்கு வேறென்ன தோல்வி வேண்டும்?

பத்து நாள் கழித்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. சேர்ந்துவிட்டேன், ஹாஸ்டலில் மலையாளப் பெண் ஒருத்தி கூட இருக்கிறாள், கவலை வேண்டாம். அவ்வளவுதான். ஸ்வெட்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. நானும் கேட்டு எழுதவில்லை. எந்த முகத்தோடு கேட்பது?

பொங்கலுக்கு முந்தின வாரம் அடுத்த கடிதம். கவரே தடியாக இருந்தது. நின்றபடியே பிரித்தேன், படிக்கப் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

அவளுடைய வார்டில் பதினொன்றாம் கட்டிலில் ஒரு பஞ்சாபி அம்மா. என் வயதுதான் இருக்குமாம். மாடிப்படியில் விழுந்து தொடை எலும்பு முறிந்து, காலைத் தூக்கிக் கட்டி, ஆறு வாரமாகப் படுக்கை. எதற்கெடுத்தாலும் கோபம். சூப்புக் கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். இவளுக்கு அவர் திட்டுவது புரியாது. திட்டுகிறார் என்பது மட்டும் புரியும். அந்தக் கட்டிலுக்கு மருந்து கொடுக்கப் போவதென்றாலே நடுக்கமாம். இரண்டு முறை குளியலறையில் நின்று அழுதிருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடலாமா என்று ஒரு நாள் பெட்டியைக்கூட எடுத்து வைத்தாளாம்.

எனக்கு எழுதவே இல்லை பாருங்கள், அதையெல்லாம்!

ஒரு நாள் மத்தியானம், நோயாளிகள் தூங்குகிற நேரம். வார்டு மூலையில் உட்கார்ந்து அந்தக் கையைப் பின்ன முயன்றிருக்கிறாள். கண்ணி நழுவிவிட்டது. எடுக்கத் தெரியவில்லை. பதினொன்றாம் கட்டிலிலிருந்து ஒரு அதட்டல். நிமிர்ந்தால், அந்த அம்மா கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்... கொடு என்று.

கொடுத்தாள். வாங்கியவர் ஊசியை உருவிவிட்டு, சரசரவென்று பிரிக்கத் தொடங்கிவிட்டார்! "ஐயோ, அம்மா பின்னினது" என்று தமிழிலேயே கத்தியிருக்கிறாள் சுகந்தி. 'அம்மா' மட்டும் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். கை நின்றது. இவள் பின்னிய கோணல் வரிசைகள் மட்டும்தான் பிரிந்திருந்தன. நான் விட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார். கண்ணிகளை ஒவ்வொன்றாக ஊசியில் ஏற்றினார். அங்கிருந்து பின்னத் தொடங்கினார்.

மூன்று நாளில் கை முடிந்தது. நான்காம் நாள் தைத்தும் கொடுத்துவிட்டார். அதற்குள் என் மகள் ஹிந்தியில் இரண்டு சொல் கற்றுக்கொண்டாள். 'சீதா' என்றால் நிட். 'உல்டா' என்றால் பர்ல். அந்த அம்மா சூப்பையும் குடிக்கத் தொடங்கிவிட்டார். வீட்டிலிருந்து நூல் கொண்டுவரச் சொன்னாராம். ஆறு வாரமாக அவருக்கு என்ன குறை என்று எந்த டாக்டருக்கும் தோன்றவில்லை — சும்மா கிடந்த இரண்டு கைகள்!

ஹிந்தி தெரிந்த அந்த மலையாளப் பெண்ணை மொழிபெயர்க்கச் சொல்லி, எனக்கு ஒரு சேதியும் சொல்லியனுப்பியிருந்தார். சுகந்தி அதை அப்படியே எழுதியிருந்தாள்.

"உன் அம்மாவுக்கு நல்ல கை. ஆனால் இந்தக் கையில் நூலை ரொம்ப இறுக்கிவிட்டார். பயந்துகொண்டே பின்னியிருக்கிறார். பிள்ளை பத்திரமாக இருக்கிறாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுது."

எனக்குச் சுள்ளென்று வந்தது. முப்பது வருஷமாகப் பின்னுகிறேன், யாருக்கு வந்து சொல்லிக்கொடுப்பது? ஸ்கேலை எடுத்து, பிரிக்காமல் விட்ட மெரூன் குல்லாவையும் பழைய சால்வையையும் அளந்தேன். சால்வையில் அங்குலத்துக்கு ஆறு கண்ணி. குல்லாவில் ஏழு; இறுகித்தான் இருந்தது.

கடிதத்தை என் கணவரிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ன சொல்லுதாங்க?" என்றேன், ஏதோ எனக்குத் தெரியாத மாதிரி. "நம்ம பிள்ளைக்கு அங்கன ஒரு ஆளு கெடச்சிட்டாங்க" என்றார்.

யோசித்துப் பார்க்கிறேன். நம் சம்சாரிகள் மழைக்கு முன்னாலேயே புழுதியில் விதைக்கிறார்களே, அவர்கள் பாதி வேலையைத்தானே செய்கிறார்கள்? மிச்சம் மழையின் பொறுப்பு. அவர்களை யாராவது அரைகுறை என்று சொல்கிறோமா? எல்லாவற்றையும் நம் கையாலேயே முடித்தாக வேண்டும் என்று நினைப்பதும் ஒரு வகை ஆணவம்தான். நேர்மையாகத் தொடங்கினால் போதும். நாம் விட்ட இடத்தைத் தடவிப் பார்த்து எடுத்துக்கொள்ள எங்கேயோ ஒருவர் இருப்பார்.

(இதை என் சோம்பேறித்தனத்துக்குச் சாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார்.)

அந்த அம்மா இப்போது கம்பை ஊன்றி நடந்து வீட்டுக்குப் போய்விட்டார். போகிற அன்றைக்கு எனக்கென்று சுகந்தியிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறார். போன வாரம் பார்சலில் வந்து சேர்ந்தது. பிரித்தால், வெயில் நிறத்தில் இரண்டு உருண்டை மஞ்சள் நூல். அவருடைய மகளுக்குத் தலைப்பிரசவம். மேல்சட்டை அவர் பின்னுகிறாராம். குல்லா நான் பின்ன வேண்டுமாம். நான் பார்க்காத ஊரில், நான் பார்க்காத ஒரு வீட்டில், இன்னும் பிறக்காத ஒரு தலைக்கு.

பங்குனியில் பிரசவம். பாதிக்கு மேல் முடித்துவிட்டேன் — பிள்ளைகள் கெடுவைத் தள்ளிப்போடுவதில்லை, பாருங்கள்!