கடலைப் பார்க்காத கார்

காலை பத்தே முக்காலுக்குச் செய்தி வந்தபோது சௌகத் அலி மச்சான் தன் காரின் பின்கதவுக்கு அடியில் குந்தி, சாவிக்கொத்தால் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். தினமும் டீ குடித்ததும் நடக்கும் வேலை இது. 'டங்' என்றால் இரும்பு, 'டொப்' என்றால் துரு. தேங்காய் வாங்குகிறவர் மாதிரி காதைச் சாய்த்துக்கொண்டு, நேற்று 'டங்' சொன்ன இடம் இன்றைக்கும் சொல் மாறாமல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பார். போனை எடுத்து, "சொல்லும்மா" என்றவர், கேட்கக் கேட்க எழுந்து நின்றார்.

"கோயமுத்தூர்லருந்து கார் கம்பெனி ஆளு வாராராம் மாப்ள," என்றார் என்னிடம். "துருவைப் பார்க்க. என்னமோ பொண்ணு பார்க்க வர்ற மாதிரி நாளு குறிச்சிருக்காக. என் வெள்ளைச் சட்டையைத் தேய்க்கப் போடணும்."

மச்சானுக்குத் தோல் வியாபாரம். திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு குடோன். கைகளில் எந்நேரமும் தோல் வாசனை, அதை மறைக்கச் சட்டையில் அத்தர் வாசனை. இரண்டும் சேர்ந்து அவர் வருவதைத் தெருமுனையிலேயே அறிவித்துவிடும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். கார் ஓட்டும்போது மட்டும் வாய் திறக்கமாட்டார். பள்ளத்தில் தண்ணீர் நின்றால் வண்டியை நிறுத்தி, இறங்கி, ஆழம் பார்த்து, சுற்றிப் போவார். சிறுமலை மேல் மேகம் கூடினால் வண்டிக்குத் தார்ப்பாய் போர்த்திவிட்டு, தான் நனைந்துகொண்டு மார்க்கெட்டுக்கு நடப்பார். அவருக்கு மிகவும் பிடித்த ஊர் குஜிலியம்பாறை. "மழைங்கிற பேச்சே கிடையாது. வண்டிக்கு இதைவிடச் சுகமான ஊரு எங்க இருக்கு?" என்று அங்கே போய் அந்த ஊர் விவசாயிகளிடமே சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

நாகூருக்குக் குடும்பத்தோடு போனபோதுகூடக் காரை எடுக்கவில்லை. உப்புக்காற்று பட்டால் இரும்பு இற்றுப்போகும் என்று பஸ்ஸில் கூட்டிப்போனார். என் அக்கா ஹாஃபிஸா இதை வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். "பொண்டாட்டியைக் கடக்கரையில காய விட்டாரு. வண்டியை நிழல்ல நிறுத்திட்டு வந்தாரு. எது முக்கியம்னு நீங்களே பார்த்துக்கங்க." அவர் சளைக்காமல், "ஒனக்குத் துரு பிடிக்காது புள்ள" என்பார்.

போன ரமலானுக்குச் சில நாள் முன்னால் அக்கா இறந்துபோனாள். அதற்குப் பிறகு மச்சான் மாறிவிட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. அதே தட்டல், அதே தார்ப்பாய். ஒன்றே ஒன்றுதான் புதிது. காரின் முன்சீட்டில் யாரையும் உட்கார விடமாட்டார். "பின்னால ஏறு மாப்ள, காத்து நல்லா வரும்," என்பார். அக்கா குள்ளம். இடது பக்கத்து சீட்டை டாஷ்போர்டை ஒட்டி முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். ஒருமுறை நானாக அதில் ஏறி, முழங்கால் முகவாயில் இடிக்க, பழனி வரை வளைந்து உட்கார்ந்து போனேன். சீட்டைப் பின்னால் தள்ளட்டுமா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கார் வாங்கிப் பத்து வருடம் ஓடிவிட்டது. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. டிக்கியின் அடித்தகடும் முன்பக்கத்து இடது தளமும் அரித்து, விரலால் குத்தினால் ரோடு தெரியும் நிலை. தெரிந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "அடுத்த மழை தாங்காது பாய், காயலான் கடைக்குப் போட்டுருங்க" என்றார். புது வண்டி வாங்கலாமே என்றேன். "புதுசுல என்ன இருக்கு?" என்றார் மச்சான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பைபாஸ் ரோட்டுச் சர்வீஸ் சென்டரில் நாகஜோதி என்றொரு பெண் இருக்கிறார். கம்பெனி நினைத்தால் பழைய வண்டிக்கும் தன் செலவில் பழுது பார்த்துத் தரும், அதற்குப் பெயர் குட்வில் என்று அவர்தான் சொன்னார்.

"அப்ப செஞ்சு தரணும்ல?"

"தரணும்னு சட்டம் இல்ல சார். அவங்களா மனசு வச்சாத்தான்."

"கார் செய்யத் தெரிஞ்சவகளுக்கு மனசு வைக்கத் தெரியாதா? நீ எழுதிப் போடும்மா."

அதிலிருந்து வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் தால்ச்சா வாளியோடு சர்வீஸ் சென்டருக்குப் போவது வழக்கமானது. "என்ன சார் இது, லஞ்சமா?" என்று நாகஜோதி சிரிப்பார். "லஞ்சம்னா சோறும் சேர்த்துல்ல கொண்டாருவேன். இது வெறும் வெஞ்சனம்." எழுதிப் போட்டதில் பெரிதாக ஒரு வாதமும் வைக்கச் சொல்லியிருந்தார். தன் வண்டி கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. துரு பிடித்தால் அது செய்தவன் குற்றம்.

குறித்த நாளில் சர்வீஸ் சென்டருக்கு வந்த கம்பெனி இன்ஜினியர் வேலுசாமி ஒட்டன்சத்திரத்துக்காரர். பதமாகப் பேசினார். "ஏனுங்க பாய், மழைத்தண்ணி புகுந்துச்சுங்களா? கடலோரம் எங்காச்சும் நிறுத்தியிருந்தீங்களா?"

"நாகூருக்கே பஸ்ல போன குடும்பங்க நாங்க," என்றார் மச்சான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் கம்பீரமாக நின்றார்.

வேலுசாமி டிக்கியின் விரிப்பைத் தூக்கினார். தகட்டின் இடுக்கில் வெள்ளையாக என்னவோ பூத்திருந்தது. அதிலிருந்து குட்டையான கறுப்பு முடி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது என்னங்க?"

விரிப்பில் உதிர்ந்த நார் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். மச்சானோ, "ஆட்டு முடி," என்றார்.

பக்ரீத் அன்றைக்கு வீடுகளில் குர்பானி கொடுத்த ஆட்டுத்தோல்களை மதரஸாவுக்குக் கொடுப்பார்கள். வெயிலில் கிடந்தால் மாலைக்குள் கெட்டுவிடும். உடனே உப்புப் போட்டு ஏற்ற வேண்டும். அன்றைக்கென்று லோடு ஆட்டோ ஒன்றும் சிக்காது. தோல் தெரிந்தவர் என்பதால் பொறுப்பு மச்சான் தலையில் விழும். கடல்காற்றுக்குப் பயந்தவர், வருடா வருடம் உப்பு வடியும் தோலைத் தானே டிக்கியில் அடுக்கி, ஊரைச் சுற்றி வருவார். "நன்மை ஒங்களுக்கு, நாத்தம் எனக்கா?" என்று அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்பாள். கீழே பாய் விரித்திருக்கிறதே என்பார். பாயில் ஊறிய உப்புநீர் எங்கே போகும் என்று அவர் யோசித்ததே இல்லை.

இதையெல்லாம் ஒன்று விடாமல் வேலுசாமியிடம் சொன்னார். "டிக்கி நான் கெடுத்தது. அதை ஒங்க கம்பெனி தலையில கட்ட மாட்டேன். முன்னால இருக்கே, அது மட்டும் ஒங்களது."

வேலுசாமி சங்கடப்பட்டார். "உப்புன்னு ஒரு வார்த்தை போயிருச்சுன்னா, மொத்தத்துக்கும் அதுதான் காரணம்னு மேல சொல்லிருவாங்க பாய்."

"உப்பு பின்னால கிடந்துச்சு. முன்னால எப்படிப் போவும்? கால் முளைச்சு நடந்தா?"

யாரும் சிரிக்கவில்லை. வேலுசாமி பேனாவை மூடிவிட்டார். வண்டி காயலான் கடைக்குக் கிளம்பிவிட்டது என்றே எனக்குத் தோன்றியது. அப்போதுதான் நாகஜோதி, "சார், அந்தம்மா செருப்பு," என்றார்.

முதல் சர்வீசுக்கு வந்தபோதே அக்கா தன் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, நாகஜோதியின் மேஜைக்கு நேராக நீட்டியிருக்கிறாள். "பாரும்மா, ஈரம். உக்காந்து வந்தா காலு நனையுது. இவரு நான் தண்ணி பாட்டிலைச் சரியா மூடலைங்கிறாரு." அடுத்த சர்வீசுக்கும் அதே செருப்பு, அதே பேச்சு. வெயில் காலம்தானே, காய்ந்துவிடும் என்று இங்கேயும் விட்டுவிட்டார்கள். "மறக்கவே முடியாது சார். செருப்பைத் தூக்குனதும் நான் பயந்தே போயிட்டேன்," என்றார் நாகஜோதி.

வேலுசாமி இடது பக்கம் போய்க் குனிந்து கால்விரிப்பை உரித்தார். இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டார்கள். செத்த நேரத்தில் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வெளியே போக வேண்டிய ஏசித் தண்ணீரின் குழாய், செய்தபோதே சரியாகச் செருகப்படாமல், பத்து வருடமாக உள்ளே வடிந்துகொண்டிருந்தது. மச்சான் குனிந்து விரலில் ஒரு சொட்டை ஏந்தி நாக்கில் வைத்தார். "உப்பில்ல," என்றார். "நல்ல தண்ணி."

வேலுசாமி வாய்விட்டுச் சிரித்துவிட்டு, பேனாவைத் திறந்தார். வீட்டுக்கு வரும் வழியில், வழக்கத்துக்கு மாறாக, ஓட்டிக்கொண்டே மச்சான் பேசினார். "பாட்டிலை அவ நல்லாத்தான் மூடியிருக்கா மாப்ள."

போன வாரம் பதில் வந்தது. முன்தளம் முழுவதும் புதிதாக, கம்பெனிச் செலவில். டிக்கி அவர் பொறுப்பு. தெருவுக்கே அல்வா கொடுத்தார். நாகஜோதி ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். "முன்சீட்டைக் கழட்டித்தான் சார் தளத்தை மாத்தணும். அது நகராம இறுகிக் கிடக்கு. இங்க பசங்க அடிச்சு உடைச்சிருவாங்க. நீங்களே எண்ணெய் விட்டு, பின்னால தள்ளி வச்சுக் கொண்டுவந்திருங்க."

அன்றிலிருந்து டீ குடித்ததும் தட்டலுக்குப் பதில் எண்ணெய். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் சொட்டுச் சொட்டாக விடுகிறார். டிக்கியைக் கழுவித் துடைத்துவிட்டார். தார்ப்பாய், குடை, கண்ணாடியில் தொங்கிய தஸ்பீஹ் மணிமாலை, கொடைக்கானல் வளைவுகளில் குமட்டலுக்கு அக்கா வாயில் போட்டுக்கொள்ளும் ஏலக்காய் மிட்டாயில் மிச்சம், எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட்டன. இன்று சாயங்காலம் கதவைத் திறந்து, மண்டியிட்டு, சீட்டுக்கு அடியில் கையை விட்டு லிவரைப் பிடித்தார். 'டக்' என்று நன்றாகவே கேட்டது. இறுக்கம் விட்டுவிட்டது. கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு கையை வெளியே எடுத்து, எண்ணெயைக் கைலியில் துடைத்துக்கொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

நாளைக் காலையில் வண்டியை விட வேண்டும். சீட்டு இன்னும் முன்னால்தான் இருக்கிறது.