மரத்துப்போன உள்ளங்கை

பட்டறை வாசலில் டீ குடிக்கும்போதே மாதேஸ்வரி கவனித்துவிட்டாள். எல்லோரும் கண்ணாடி டம்ளரின் விளிம்பைப் பிடித்து, கை மாற்றிக் கை மாற்றி ஊதிக் குடித்தார்கள். அவள் புருஷன் கரியப்பன் மட்டும் ஆவி பறக்கும் டம்ளரை உள்ளங்கையில் முழுசாக அணைத்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, சுடலையா?"

"இரும்புல வெந்த கைடி இது. டீயா சுடப் போவுது?"

சிரித்தார். அவள் சிரிக்கவில்லை; அந்தக் கையையே பார்த்தாள்.

ஓசூர் சிப்காட்டைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குப் போகும் ரோட்டோரம் இருந்தது அந்தப் பட்டறை. வண்டிக் கம்பெனிகளுக்குத் தகட்டில் சின்னச் சின்னப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் இடம். வரிசையாகப் பிரஸ் மிஷின்கள்; ஒவ்வொன்றின் முன்னும் ஒரு பெண். பெடலை மிதித்தால் மேல் அச்சு இறங்கித் தகட்டை நறுக்கும். போச்சம்பள்ளிப் பக்கம் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, இளவயதிலேயே இங்கே வந்து ஸ்பேனர் பிடித்த கரியப்பன்தான் அத்தனை மிஷினுக்கும் ஃபிட்டர். கடைசி மிஷினில் மாதேஸ்வரி உட்காருவாள்.

சுவிட்சை அணைத்தாலும் பிரஸ் சட்டென்று அடங்காது. பின்னால் தகர மூடிக்குள் பெரிய சக்கரம் பழைய வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். அது சுற்றும்வரை அச்சு எந்த நொடியும் இறங்கலாம். மூடியிருப்பதால் சக்கரம் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்து மிஷின்களின் இரைச்சலில் காதுக்கும் கேட்காது. அச்சுக்கு நடுவே மரக்கட்டை கொடுக்கவேண்டும் என்று சுவரில் போர்டு தொங்கியது. கட்டை தேடுவதற்குள் நேரம் போய்விடும் என்று யாரும் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாக அங்கே ஒரு வழக்கம். தகடு சிக்கினால் சுவிட்சை அணைத்துவிட்டுக் கரியப்பனைக் கூப்பிடுவார்கள். அவர் மிஷினின் உடம்பில் உள்ளங்கையை வைப்பார். உள்ளே நடுக்கம் ஓய்ந்ததும் இரண்டு தட்டுத் தட்டி, "நின்னாச்சு" என்பார். அந்த இரண்டு தட்டை நம்பித்தான் பெண்கள் அச்சுக்குள் விரலை விட்டார்கள்.

அந்த உள்ளங்கைதான் செத்துக்கொண்டிருந்தது!

முதலில் முட்டி போனது. மிஷினுக்கு அடியில் குந்தினால் எழுந்திருக்க எதையாவது பிடிக்கவேண்டியிருந்தது. அப்புறம் வலது தோள். அதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்துவிட்டார். கடைசியில் விரல்கள். கிரைண்டரும் சுத்தியலும் காலமெல்லாம் உதறிய உதறலில் உணர்ச்சி நுனியிலிருந்து வற்றி, உள்ளங்கைவரை ஏறிவிட்டது. இப்போதெல்லாம் மிஷினில் கையை வைத்து, இந்நேரம் நின்றிருக்கும் என்று குத்துமதிப்பாகத்தான் தட்டினார். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. கை போன ஃபிட்டருக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அன்று மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் மாதேஸ்வரியின் மிஷின் கோளாறு செய்தது. ஒரு மிதிக்கு இரண்டு முறை இறங்கியது அச்சு. அவள் பதறிக் கையை இழுத்துக்கொண்டாள்.

முதலாளி ராஜேஷ்குமார் ஓடிவந்தான். "கரியப்பண்ணா, சாப்பாட்டுக்கு அப்புறம் லோடு ஏத்தணும். சீக்கிரம் பாருண்ணா."

அச்சைப் பிடித்து நிறுத்தும் கிளட்ச்சில் ஸ்பிரிங் உடைந்திருந்தது. ஸ்டூலில் ஏறி, கையைத் தலைக்கு மேலே தூக்கி, கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் புது ஸ்பிரிங்கைச் செருகவேண்டும். தோள் தீயாய் எரிந்தது. வியர்வை மூக்குக் கண்ணாடியில் வழிந்து பார்வையை மறைத்தது. ஸ்பிரிங் பள்ளத்தில் உட்கார்ந்தால் விரல் நுனிக்கு ஒரு சின்னத் துள்ளல் தெரியும். கரியப்பன் அழுத்தினார். திருகினார். மறுபடி அழுத்தினார். விரலுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

"உக்காந்துச்சாண்ணா?"

ஐயோ, அந்த ஒரு கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமே! "உக்காந்துச்சு சார்" என்றது வாய்.

ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்தால் இறங்கியது, ஒரு முறைதான் இறங்கியது. மாதேஸ்வரி உட்கார்ந்தாள். கரியப்பன் நகரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் அவர் நெஞ்சும் சேர்ந்து இறங்கியது.

சற்று நேரத்தில் தகடு ஒன்று கோணிக்கொண்டு சிக்கியது. அவள் சுவிட்சை அணைத்தாள்.

"ஏங்க, பாருங்க."

உள்ளங்கையை வைத்தார். நின்றிருக்கிறதா, சுற்றுகிறதா? கை ஊமையாக இருந்தது. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். பக்கத்து மிஷின் ரங்கம்மா சும்மா இருப்பாளா?

"இன்னாண்ணா, பொண்டாட்டி மிஷினுன்னா இவ்ளோ நேரமா? எங்களுக்குன்னா டப்பு டப்புன்னு தட்டிட்டுப் போயிடற!"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். கரியப்பன் ஒரு தட்டுத் தட்டினார். பழக்கத்தில் மாதேஸ்வரியின் விரல்கள் அச்சை நோக்கி நகர்ந்தன. இரண்டாவது தட்டுக்கு ஓங்கிய கை அப்படியே நின்றது. என்ன தோன்றியதோ, குனிந்து மிஷினில் கன்னத்தை வைத்தார்.

கன்னத்துக்கு உயிர் இருந்தது. இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது!

"கைய எடுடி!"

உடம்போடு சாய்ந்து அவளைத் தள்ளினார். ஸ்டூலோடு விழுந்தாள் மாதேஸ்வரி. அதே கணம் யாரும் மிதிக்காமலேயே அச்சு இறங்கியது. சிக்கிய தகடு அப்பளமாக நொறுங்கி எகிறியது.

மாதேஸ்வரி எழுந்தாள். தன் விரல்களைப் பார்க்கவில்லை. புருஷனின் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையில் நகத்தைப் பதித்து அழுத்தினாள், ரத்தம் பொட்டு வைக்கும்வரை.

"வலிக்குதா?"

அவர் கையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்தார். "இல்ல."

"எத்தினி நாளா?"

அவர் கையை மெல்ல உருவிக்கொண்டார்.

அவள் ராஜேஷ்குமார் பக்கம் திரும்பினாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. குரல் மட்டும் கல்லாக இருந்தது. "சார், இவரு தட்டுனா இனிமே நான் கை விட மாட்டன். வேற ஆளப் போடுங்க."

கட்டியவளே சொல்லிவிட்டாள். கரியப்பன் மறுக்கவில்லை. ஸ்பேனரை மெல்லக் கீழே வைத்தார்.

ரங்கம்மா எழுந்து வந்தாள். சிரித்த வாய் காய்ந்திருந்தது. வலது கை விரல்களை இடது கையால் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அண்ணா... காலையில என் மிஷின்ல தட்டுனியே, அப்ப நெஜமா நின்னிருந்துச்சா?"

கரியப்பன் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

வரிசையில் ஒவ்வொரு பெண்ணாகக் கைகளை மடிக்கு இழுத்துக்கொண்டார்கள். சுவிட்சுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஆனாலும் தகர மூடிகளுக்குள், கண்ணில் படாமல், சக்கரங்கள் சுற்றிக்கொண்டேதான் இருந்தன.