தங்கபாயின் பந்து ஷூ

என் மாமியார் தங்கபாய் ரப்பர் பால் வெட்டப் போகும்போது செருப்பைத் தோட்டத்து வாசலிலேயே கழற்றிவிடுவார். சரிவெல்லாம் பாசி, செருப்பு வழுக்கும், வெறுங்கால்தான் பிடித்து நிற்கும் என்பது அவர் கட்சி. இதில் அவரோடு வாதாடி ஜெயித்தவர் குலசேகரத்துப் பக்கம் யாரும் இல்லை, நான் உட்பட.

சில மாதங்களாக மேடேறினால் அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் வெளிறிப்போயிருந்தது. ரத்தம் சோதித்த இடத்தில் சிவப்பணு குறைவு, வெள்ளையணு கூடுதல் என்றார்கள். அவருடைய தங்கை ரத்தப் புற்றுநோயில் இறந்த கதையும் இப்படி ஒரு ரத்தச் சோதனையில் தொடங்கியதுதான். டாக்டரைப் பார்க்கும் முன்பே மாமி தன் கதை முடிந்தது என்று தீர்மானித்துவிட்டார். யாரையும் தொடவிடாத பால்வெட்டுக் கத்தியை, பக்கத்துத் தோட்டத்தில் வெட்டும் ஷைஜாவிடம் கொடுத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது.

நான்தான் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் ரத்தம் குறைந்திருக்கிறதா என்று மாமியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். மலத்தையும் சோதிக்கச் சொன்னார். முடிவு வந்தது: கொக்கிப்புழு. மண்ணிலிருந்து வெறுங்கால் தோல் வழியே ஏறி, குடலில் ரத்தம் குடிக்கிறது. கூடியிருந்தது ஈயோசினோபில் என்கிற, புழுவோடு மல்லுக்கட்டும் வெள்ளையணு.

"புழு பெரிசு, அணுவால முழுங்க முடியாது. அதனால சுத்தி நின்னு அது மேல விஷத்தக் கொட்டும். குடலும் சளியச் சுரந்து, வழுக்க வச்சு, பிதுக்கி வெளிய தள்ளப் பாக்கும். ஆனா இது கடிச்சுப் பிடிச்சிருக்கு. மாத்திரை தாறேன்" என்றார் டாக்டர்.

மாமி குனிந்து தன் வயிற்றைத் தடவினார். "நான் வழுக்கப்பிடாதுன்னு செருப்பக் கழத்துனேன். வயிறு என்னன்னா வழுக்க வச்சில்லா தள்ளப் பாத்திருக்கு. பாவம், எனக்காவ எவ்வளவு பாடு பட்டிருக்கு."

மாத்திரையும் இரும்புச்சத்தும் சேர்ந்து மெல்ல முகத்தில் நிறம் திரும்பியது. டாக்டர் வெறுங்காலோடு போகவே கூடாது என்றிருந்ததால் மார்த்தாண்டத்துக்குப் போனோம். பையன்கள் பந்து விளையாடப் போடும், அடியில் முள் வைத்த ஷூவை மாட்டி, சேலையைச் செருகிக்கொண்டு கடைக்குள்ளேயே நடந்து பார்த்தார். வழுக்கவில்லை. தனக்கு ஒன்று, அளவில் சிறியதாக இன்னொன்று வாங்கினார். சிறியது யாருக்கு என்று கேட்டேன், பையை எடுத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினார்.

அங்கிருந்து நேரே ஷைஜா வீடு. "எனக்க கத்தியத் தா ஏட்டி."

உள்ளே போய் எடுத்து வருவதற்குள் ஷைஜாவுக்கு மூச்சு இரைத்தது. "தீட்டித்தான் வச்சிருக்கேன் அக்கா. இத வச்சு ஒரு மரம் வெட்டல்ல. நீங்க வருவியன்னு தெரியும்."

மாமி அவளுடைய வெறுங்காலைப் பார்த்தார். டாக்டர் தனக்குச் செய்த மாதிரியே அவள் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு சிறிய ஷூவை அவள் கையில் வைத்தார்.

"நாளைக்கு நீயும் ஆஸ்பத்திரிக்கு வாற. ஒனக்க வயிறு தனியா கெடந்து மல்லுக்கட்டண்டாம்."