ரெங்கம்மாளுக்குக் கரண்ட் வைத்த நேரம்

ரெங்கம்மாளிடம் அடி வாங்காத ஆம்பளைகள் எங்கள் தெருவில் குறைவு. கட்டிய புருஷன் குடித்துவிட்டு வந்து தலைமுடியைப் பிடித்து இழுத்த அன்றைக்கு, மூட்டை தூக்கும் கொக்கியால் அவன் தோளைக் கிழித்தாள். ரத்தம் வாசல் வரை வழிந்தது. அப்படியே போனவன்தான், திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குக் காய்கறிச் சந்தைதான் வீடு. மற்றப் பெண்கள் வெங்காயம் பொறுக்கிப் பிரித்தபோது இவள் ஆண்களோடு நின்று லாரியிலிருந்து மூட்டை இறக்கினாள். சந்தைக்கு லோடு வருவது ராத்திரியில். விடிய விடிய உழைப்பாள், வெயில் ஏறியதும் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள். வருஷக்கணக்காக இதுதான் அவள் நாள்.

"ராத்திரி யாரு வீட்டுக்குப் போறவ?" என்று கேட்ட ஒருத்தனின் பல்லை எடைக்கல்லால் உடைத்தாள். ஆனால் எத்தனை பல்லைத்தான் உடைப்பது? ஆகவே, அறியாதவர்களிடம் ராத்திரி வேலை என்று சொல்வதையே விட்டுவிட்டாள். யார் கேட்டாலும் பகலில் இட்லிக்கடை என்பாள்.

தூக்கம் வராமலிருக்க அடக்கிக்கொண்ட புகையிலை, நாக்கின் ஓரத்தில் புண்ணாகிப் புற்றாகி நின்றது. பெரிய ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சு சிகிச்சைக்கு, எழுதினார்கள். துணைக்கு ஆள் வேண்டும் என்றதால் பக்கத்து வீட்டுக்காரி நான் போனேன்.

டாக்டர் ரோகிணி சின்ன வயசு. எல்லோரிடமும் தூக்கத்தைப் பற்றிக் கேட்டார்.

"ராத்திரி வேலை எதுவும் உண்டாம்மா?"

"ஒம்பது மணிக்கெல்லாம் படுத்திருவேன் தாயி," என்றாள் ரெங்கம்மாள், கண்ணைச் சிமிட்டாமல்.

காலை நேரம் கொடுத்தார்கள். சந்தையில் கடைசி மூட்டையை இறக்கிவிட்டு, சேலையில் ஒட்டிய வெங்காயத் தோலோடு அவள் நேராக ஆஸ்பத்திரிக்கு வருவாள்.

கரண்ட் வைக்கத் தலை அசையக் கூடாது. அதற்காக ஒரு பிளாஸ்டிக் வலையைச் சுடுதண்ணீரில் இளக்கி முகத்தில் அமுக்கினார்கள். இறுகியதும் அது அவள் முகமாகவே இருந்தது. அதை அவள்மேல் கவிழ்த்து மேசையோடு பூட்டினார்கள். முதல் நாள் உதைத்த உதையில் ஒரு ஆண் நர்ஸ் சுவரில் போய் மோதினார்.

"என்னையக் கட்டிப்போட்டு எவனும் அடிச்சதில்ல," என்று வெளியே வந்து மூச்சு வாங்கினாள்.

வாரம் போகப் போக வாய் வெந்துபோனது. உதட்டோரம் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு மடக்குக் கஞ்சி இறங்குவதற்குள் தரையை உதைத்து உதைத்துக் குதிகால் வீங்கியது.

"புண்ணு இன்னும் மோசமானா கொஞ்ச நாள் நிறுத்த வேண்டியிருக்கும்மா," என்றார் டாக்டர். "நடுவுல நிறுத்துனா கட்டி மறுபடி வளர இடம் குடுத்த மாதிரி ஆயிரும்."

நிறுத்தினால் சாவு, தொடர்ந்தால் பட்டினி என்று ரெங்கம்மாள் புரிந்துகொண்டாள்.

அந்த வாரத்தில்தான் ஜெயபாண்டி வந்தான். அவனியாபுரத்துக்காரன், ஜல்லிக்கட்டு மாடு வளர்ப்பவன். அவனுக்குத் தொண்டையில் புற்று, கொடுத்திருந்தது சாயங்கால நேரம். பொங்கல் நெருங்கியதால் சாயங்காலம் மாட்டை மண் குத்தப் பழக்க வேண்டும் என்று, காலை வரிசையில் நுழையப் பார்த்தான். ரெங்கம்மாள் பெஞ்சில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள்.

"இவ தூங்கிட்டுத்தான கெடக்கா, என்னைய உள்ள விடுங்க," என்றான்.

அவள் கண் திறந்தாள். "அடுத்து நாந்தான். தள்ளிப் போ."

"ராத்திரி முழுக்க எங்க சுத்திட்டு வந்து இங்க தூங்குற?"

கையிலிருந்த கஞ்சித் தூக்குவாளி அவன் நெற்றியில் இறங்கியது. புருவம் பிளந்தது. அவன் அவள் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். அவள் அவன் மணிக்கட்டைக் கடித்தாள். வெந்த வாயோடு கடித்ததில் யார் ரத்தம் எது என்று தெரியவில்லை. காவலாளிகள் ஓடி வந்து பிரித்தார்கள்.

"சந்தைக்குடா! விடிய விடிய மூட்டை தூக்கிட்டு வாரேன்டா!" என்று அவள் கத்தினாள்.

வாசலில் டாக்டர் ரோகிணி நின்றிருந்தார். "ராத்திரி வேலையா? எத்தனை வருஷமா? ஏம்மா எங்கிட்ட மறைச்சீங்க?"

ரெங்கம்மாள் உதட்டைத் துடைத்தாள். "இந்தா, இவன் கேட்டானே, அதுக்குத்தான்."

டாக்டர் அவளை உட்காரவைத்துச் சொன்னார். "உடம்புல ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் கடிகாரம் மாதிரி சில மரபணு இருக்கு. எப்ப வளரணும், அடிபட்டா எப்பச் சரி பண்ணணும்கிறதுல அதுக்கும் பங்கு உண்டு. கரண்டுங்கிறது செல்லுக்கு அடிதான். புற்று செல்லுல அந்தக் கடிகாரம் பெரும்பாலும் கெட்டுக் கெடக்கும். நல்ல செல்லு தாங்குற நேரமாப் பாத்து அடிச்சா புண்ணு குறையலாம்னு ஆராய்ச்சி நடக்குது. இன்னும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா உங்களுக்குக் காலைங்கிறது, உங்க உடம்பு ஓஞ்சு அடங்குற நேரம்."

"முழிச்சிருக்கையில வெட்ட வந்தா தடுப்பேன். அசந்து கெடக்கையில வந்தா வெட்டிட்டுப் போயிருவான். அம்புட்டுத்தான தாயி?"

"கிட்டத்தட்ட."

தூங்கி எழுந்த பிறகு, சாயங்காலத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆனால் சாயங்காலத்தில் இடமே இல்லை. இருந்த ஒரே வழி, ஜெயபாண்டியோடு நேரம் மாற்றிக்கொள்வது. புருவத்தில் தையலோடு உட்கார்ந்திருந்தவன், "கால்ல விழச் சொல்லுங்க, மாத்திக்கிறேன்," என்றான்.

ரெங்கம்மாள் அவன் முன்னால் போய் நின்றாள். அவன் கை தானாகவே நெற்றியை மறைத்தது.

"அடிச்சது அடிச்சதுதான். நீ சொன்ன சொல்லுக்கு அது காணாது," என்றாள். பிறகு குரல் இறங்கியது. "நேரத்த மட்டும் குடுத்துரு. இல்லாட்டி நான் செத்துருவேன்."

அவள் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அவன் நெற்றியிலிருந்து கையை இறக்கினான்.

"எடுத்துக்கத்தா. எங்க மாடே இப்படிக் குத்தாது."

அதன்பின் பகலில் தூங்கி எழுந்து சாயங்காலம் வந்தாள். புண் உடனே ஆறவில்லை. ஆனால் ஏறவும் இல்லை. மெல்ல மெல்லக் கஞ்சி இறங்கியது. ஒரு நாள்கூட நிறுத்தாமல் கரண்ட் வைத்து முடித்தார்கள். நேரம் மாற்றியதாலா, வேறு எதனாலா என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

கடைசி நாள் முகமூடியைக் கையில் கொடுத்தார்கள். வெளியே போட்டு மிதிக்கக் காலைத் தூக்கினாள். சோதனைக்கு வந்திருந்த ஜெயபாண்டி ஓடி வந்தான்.

"மிதிக்காதத்தா! தொழுவத்து வாசல்ல கட்டுறேன். இந்த மூஞ்சியத் தாண்டி எவன் கண்ணு எம் மாட்டு மேல படும்?"

அவள் கையை ஓங்கினாள். அவன் புருவத்தைப் பொத்தினான். ஓங்கிய கையாலேயே முகமூடியை அவன் நெஞ்சில் விட்டெறிந்தாள்.

பொங்கலுக்கு அவன் தொழுவத்துக்கு நாங்கள் போனபோது, வாசலில் படிகாரக் கட்டிக்குப் பக்கத்தில், வாயில் குங்குமம் அப்பி, அது தொங்கியது. ரெங்கம்மாள் அண்ணாந்து பார்த்தாள்.

"பரவால்ல, கோவமாத்தான் இருக்கு," என்றாள். பிறகு கூடியிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி, "ராத்திரி லோடு வர்ற நேரமாச்சு, வாரேன்," என்றாள்.