வெடிக்காத காய்

எங்கள் வீட்டில் சாமி படத்துக்குக் கீழே ஓர் எள்ளுக்காய் இருக்கிறது. வெறும் கூடு. எள்ளைப் பிளேடால் கீறி எடுத்தாயிற்று. எள்ளுக்காய்க்கு எவரும் பிளேடு எடுப்பதில்லை. காய்ந்தால் தானே வெடித்துப் பாதியை மண்ணில் கொட்டிவிடும். மீதிதான் செக்குக்குப் போய் எண்ணெயாகும். கொட்டாத எள்ளைப் பூவுக்குப் பூ மகரந்தம் மாற்றி ஒட்டுச் சேர்த்து உண்டாக்கத்தான் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து மேடம் எங்கள் ஊர் ஆராய்ச்சிப் பண்ணைக்கு வந்தார். எனக்கு அங்கே கூலி வேலை. அவரை எனக்குப் பிடிக்காது. பூவில் கை பட்டாலே கத்துவார்.

வருடக்கணக்காக ஒட்டுச் சேர்த்ததில் ஒரே ஒரு செடி தேறியிருந்தது. அதற்குச் சிவப்பு நூல் கட்டியிருந்தார். அறுப்பு நேரத்தில் ஒரு மத்தியானம், மற்ற வரிசைகளைப் பார்த்துவிட்டு, "வெடிச்சிருச்சுங்க! எல்லாமே வெடிச்சிருச்சுங்க!" என்று அலறினார்.

எங்கள் பக்கம் அந்தச் சொல்லை அப்படி அலறக் கூடாது. அரிவாளைப் போட்டுவிட்டு எல்லோரும் ரோட்டைப் பார்த்து ஓடினோம். என் தங்கச்சி தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறாள். வரப்பா செடியா என்று யார் பார்த்தது? "எங்கன? எந்தக் கம்பெனி?" என்று முன்னால் ஓடிய மதினி, என் அண்ணன் பெண்டாட்டி, கத்தினாள்.

"எள்ளுங்க! எள்ளைச் சொன்னேன்!" என்று மேடம் பின்னாலேயே ஓடிவந்தார்.

மதினி நின்றாள். "எள்ளா? ஈரக்குலையே அத்துப்போச்சு மேடம். எள்ளுன்னு சேத்துச் சொன்னா வாய் வலிக்குமாக்கும்?"

திரும்பி வந்தால் நூல் கட்டிய செடி மிதிபட்டுக் கிடந்தது. "கண்ணு தெரியாதா உங்களுக்கு?" என்றார் மேடம். எனக்குப் பொறுக்கவில்லை. "எந் தங்கச்சி அங்கன மருந்துக்குள்ள உக்காந்திருக்கா. ஒங்க செடியப் பாத்துப் பாத்தா ஓடுவாக?" வேலை போனால் போகட்டும் என்றுதான் கேட்டேன்.

அவர் மண்ணில் உட்கார்ந்து காய்களைப் பொறுக்கினார். ஒன்றைத் தன் காதருகில் ஆட்டிவிட்டு என் காதருகிலும் ஆட்டினார். உள்ளே எள் கலகலத்தது. அத்தனை பேர் மிதித்தும் ஒரு காய்கூட வாய் பிளக்கவில்லை. அன்று கீறி எடுத்த விதைதான் இன்று பண்ணையில் பாத்தி பாத்தியாக நிற்கிறது; என் காதருகில் ஆட்டிய காயின் கூடுதான் சாமி படத்துக்குக் கீழே இருப்பது. மறுநாள் முதல் அவர் 'வெடிச்சிருச்சு' என்பதை விட்டு 'வாய் திறந்திருச்சு' என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

மேடம் மாறுதலாகிப் போய்விட்டார். தங்கச்சி அதே வேலைக்குத்தான் போகிறாள். ஓர் எள்ளுக்காய் வெடிக்காமலிருக்க ஒரு மனுஷி இத்தனை வருடம் வெயிலில் காய்ந்தார். மருந்து அறை வெடிக்காமலிருக்க அப்படிக் காய்ந்த ஒருத்தனை நான் பார்த்ததில்லை. வெடித்த பிறகு மாலையோடு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது பட்டாசு சீசன். விளக்கு வைத்தாயிற்று, தங்கச்சியைக் கொண்டுவந்து விடும் கம்பெனி வேன் இன்னும் வரவில்லை. அந்தக் கூட்டை எடுத்து விரலுக்குள் உருட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறேன்.