ஃபிரேமில் வைத்த அடையாளம்

பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தால் எழுத்துகள் கலங்கித் தெரிய ஆரம்பித்த வருடம் அது. எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. கண் டாக்டர், படிப்பதற்குக் கண்ணாடி போட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஒரு கடையையும் சொல்லி அனுப்பினார். என் கணவர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த டாக்டருக்கும் அந்தக் கடைக்கும் என்ன சம்பந்தம்?" என்றார்.

அவர் அப்படித்தான். பெட்ரோல் பங்கில் மீட்டர் சைபரில் நிற்கிறதா என்று குனிந்து பார்க்காமல் வண்டியின் மூடியைத் திறக்க மாட்டார். டாக்டர் சொன்ன கடையை விட்டுவிட்டு, மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட் பக்கம் ஒரு பாய் வைத்திருந்த சின்ன மூக்குக்கண்ணாடிக் கடைக்கு என்னைக் கூட்டிப்போனார்.

பாய் அதிகம் பேசவில்லை. உருண்டை முகத்துக்கு வட்ட ஃபிரேம் போட்டால் இன்னும் உருண்டையாகத் தெரியும் என்று சொல்லி, கொஞ்சம் சதுரமாக இருந்தவற்றை எடுத்து வைத்தார். காப்பிக்கொட்டை நிறத்தில் ஒன்று இருந்தது. மாட்டிப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. என் கணவருக்கோ கடையில் முகம் பார்க்க வைத்திருந்த கண்ணாடியின் மேலேயே சந்தேகம். இப்படித் தலைக்கு மேல் விளக்கைப் போட்டால் யாருக்கு எதுதான் நன்றாக இருக்காது என்று, என்னை அந்த ஃபிரேமோடு தெருவுக்கு அழைத்து வந்தார். எங்கள் ஸ்கூட்டரின் கண்ணாடியில் நான் குனிந்து பார்த்தபோது, பாயும் எங்கள் பின்னாலேயே வாசலுக்கு வந்து நிற்பது அதில் தெரிந்தது. ஃபிரேமோடு கிளம்பிவிடுவோம் என்று பயந்திருப்பார்.

வெயிலில் நிற்க வைத்து என் கணவர் என் முகத்தை நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருடத்தில் அவர் அவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை. கடைசியில், "நல்லாத்தான் இருக்கு" என்றார், குற்றம் எதுவும் கிடைக்காத ஏமாற்றத்தோடு.

லென்ஸுக்கும் விசாரணை நடந்தது. வெளிச்சம் கூசாமல் இருக்கக் கோட்டிங் போட்ட லென்ஸ் நல்லது என்றார் பாய். போட்டிருக்கிறீர்கள் என்று எப்படித் தெரியும் என்று இவர் கேட்டார். பாய் இரண்டு லென்ஸ்களை டியூப்லைட்டின் கீழே சாய்த்துக் காட்டினார். ஒன்றில் விளக்கு வெள்ளையாகத் தெரிந்தது, கோட்டிங் போட்டதில் லேசான பச்சையாக. இவர் பார்த்தார், தலையசைக்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். பாய் பில் போட்டுக்கொண்டிருந்தபோது, காதில் மாட்டும் கம்பியின் உள்பக்கம் ஸ்கூட்டர் சாவியால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறாராம். வேறு ஃபிரேமை மாற்றிக் கொடுத்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாமாம். புது ஃபிரேமைக் கீறிவிட்டாரே என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை.

சொன்ன நாளில் கண்ணாடி வரவில்லை. கொஞ்சம் தாமதமாகும் என்று கடையிலிருந்து போன் வந்தது. "பார்த்தியா, மாத்தறான்" என்றார் இவர். உண்மையைச் சொன்னால், எனக்கும் மனசுக்குள் ஏதோ ஊர ஆரம்பித்தது. பாய் ஏன் அவ்வளவு குறைவாகப் பேசினார் என்றெல்லாம் யோசித்தேன்.

கண்ணாடி தயாரானதும் போனோம். பாய் அதை என் கையில் கொடுத்தார். மாட்டிப் பார்ப்பதற்கு முன்னால் நான் கம்பியைத்தான் திருப்பிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. கீறல் இல்லை. என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாய், இது நாங்க எடுத்த ஃபிரேம் இல்லையே" என்றார்.

"ஆமா சார், அது இல்லை" என்றார் பாய் சாதாரணமாக. "அதுல உள்பக்கம் கீறல் இருந்துச்சு. லென்ஸ் போடறப்பதான் பார்த்தேன். அதை எப்படி உங்களுக்குத் தர்றது? அதே மாடல்ல புதுசு வரவழைச்சேன், அதான் லேட்டாயிடுச்சு." மேஜை டிராயரிலிருந்து பழைய ஃபிரேமை எடுத்து வைத்தார். பிறகு, "நீங்க எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டார்.

என் கணவர் கையிலிருந்த ஸ்கூட்டர் சாவியை உருட்டிக்கொண்டிருந்தார். அந்த ஃபிரேமை என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டேன். கம்பெனியில் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள், கிடக்கும் என்றார்.

"எனக்கு அதுலயே போட்டுக் குடுங்க பாய். முதல்ல பிடிச்சது அதுதான்."

பாய் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரையும், அவர் கையிலிருந்த சாவியையும் பார்த்தார். அவருக்குப் புரிந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஃபிரேமைச் சூடு காட்டி, லென்ஸைக் கழற்றி மாற்றினார். அவ்வளவு நேரமும் என் கணவர் அவர் கையைக் கவனிக்காமல் தெருவில் போகும் பஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பள்ளியில் இன்னொரு டீச்சர், உங்கள் முகத்துக்காகவே செய்த மாதிரி இருக்கிறது என்றார். சாயங்காலம் வீட்டில் அதைச் சொன்னேன்.

"அவங்களுக்கு உன்கிட்ட என்ன காரியம் ஆகணுமாம்?" என்றார் என் கணவர்.